லயத்து வாசலும் நீதவானின் கையெழுத்தும்

தோட்டத்துக்குள் பொலிஸ் ஜீப் ஏறினால், பெரும்பாலும் அது முதலில் நிற்கிற இடம் லயம் அல்ல, ஆபீஸ். தொரையிடமோ சின்னத்தொரையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வழிகாட்ட ஒரு காவல்காரரையும் ஏற்றிக்கொண்டுதான் மேலே போகும். காம்பராக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வருகிறவர் "என்னங்க சேர் விஷயம்?" என்று கேட்பார். "வாரண்ட் இருக்குங்களா?" என்று கேட்பவர்கள் அபூர்வம். யாராவது ஒரு படித்த பிள்ளை கேட்டுவிட்டாலும், பொலிஸ்காரர் வாய் திறப்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கும் காவல்காரர் பதில் சொல்லிவிடுவார்: "தொரைக்குத் தெரியும்."

தொரைக்குத் தெரிந்தால் போதுமா? லயக் காம்பரா யாருடைய வீடு? அதற்குள் போய்ப் பெட்டியைத் திறக்க யார் அனுமதி தரவேண்டும்? ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு பதிலும் பழக்கம் ஒரு பதிலும் வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தேடுதல் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே இரண்டு பொலிஸ்காரர் நின்றாலே திரும்ப இடமில்லை. அதனால் சாமான் எல்லாம் இஸ்தோப்புக்கு வரும். அரிசிப் பானை, பிள்ளையின் புத்தகப்பை, பாய் தலையணை, டிரங்குப் பெட்டி. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பையும் வரும். அதில்தான் பிறப்புச் சான்றிதழ், அடகுத் துண்டு, ஈ.பி.எப். கடிதம் எல்லாம் இருக்கும். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வாசல். எல்லா வாசலிலும் ஆள் நிற்கும். அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டாலும் மறுநாள் பிரட்டுக்களத்தில் கதை கிடைத்துவிடும். மதிலும் கேட்டும் உள்ள கொழும்பு வீட்டில் நடக்கும் தேடுதலையும் லயத்தில் நடக்கும் தேடுதலையும் சட்டப் புத்தகம் ஒரே சொல்லால் குறிக்கிறது. நடப்பது ஒன்றல்ல.

யாப்பில் இல்லாத வீடு

முதலில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 'வீடு' பாதுகாக்கப்படவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 13ஆம் உறுப்புரை, சட்டம் சொன்ன நடைமுறைப்படியே ஒருவரைக் கைதுசெய்ய வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது. காரணமின்றி வீடு புகுந்து சோதனை போடக்கூடாது, பொருளை எடுத்துப்போகக் கூடாது என்று ஓர் உறுப்புரை மட்டும் இல்லை. அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்றும் இல்லை.

அமெரிக்கர்கள் இதை 1791லேயே நான்காம் திருத்தமாக எழுதி வைத்துக்கொண்டார்கள். இந்திய யாப்பிலும் நேரடியாக இல்லை, 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்ந்து அப்படியொரு பாதுகாப்பு இல்லை என்றே சொன்னார்கள். அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில் புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று திருத்தினார்கள். இலங்கையோ 1980இல் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஏற்றது. அதன் 17ஆவது உறுப்புரை அந்தரங்கம், குடும்பம், வீடு ஆகியவற்றில் அரசு மனம்போன போக்கில் தலையிடக்கூடாது என்கிறது. அந்த உடன்படிக்கையின் பேரில் 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது இந்த 17ஆவது உறுப்புரை அதற்குள் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. பொலிஸார் உங்களைத் தவறாகக் கைது செய்தால், 13ஆம் உறுப்புரையைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், யாரையும் கைது செய்யாமல் போய்விட்டால்? அப்போது 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுவழியாகத்தான் வாதாட வேண்டும். ஒரு குற்றமும் செய்யாதவருக்குத்தான் இங்கே வழி குறைவு.

அதற்காகச் சட்டமே இல்லை என்று பொருளல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தேடுதல் ஆணை பற்றி விரிவாகவே பேசுகிறது. களவுப் பொருள் ஓரிடத்தில் இருக்கிறது என்று தகவல் கிடைத்தால், நீதவான் தேவையான விசாரணை செய்து, நம்பக் காரணம் இருக்கிறது என்று திருப்திப்பட்ட பிறகே ஆணையில் கையெழுத்திட வேண்டும். தேடும்போது அந்த இடத்தில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கூட இருக்க விட வேண்டும். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் போட வேண்டும். எது எங்கே கிடைத்தது என்றும் எழுத வேண்டும். கேட்டால் பட்டியலின் பிரதி கொடுக்க வேண்டும். பெண்ணைச் சோதனையிட வேண்டுமானால் இன்னொரு பெண்தான், அதுவும் நாகரிகம் கெடாமல், செய்ய வேண்டும்.

கவனியுங்கள்: 'குடியிருப்பவர்' என்றுதான் சட்டம் சொல்கிறது. உரிமையாளர் என்றல்ல. காம்பரா கம்பெனியுடையதாக இருக்கலாம். நிலம் அரசுடையதாக இருக்கலாம். 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்குப் போனபோதும் நிலம் குத்தகைக்குத்தான் போனது. ஆனால் அந்தக் கதவுக்குள் அடுப்பு எரிப்பவர் யாரோ அவர்தான் குடியிருப்பவர். தேடுதலின்போது நிற்க வேண்டியவரும் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டியவரும் அவர்தான். தொரை ஜீப்புக்கு கேட் திறந்துவிடலாம். அடுத்தவர் டிரங்குப் பெட்டிக்குச் சம்மதம் தர முடியாது.

வாரண்ட் என்றால் ஓடிப்போனவன்

இவ்வளவு எளிய விஷயம் ஏன் லயத்துக்குள் ஏறவில்லை? காரணம் பழையது. மலையகத்தில் வாரண்ட் என்பது குடிமகனைக் காப்பாற்ற வந்த காகிதமாக ஆரம்பிக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ், சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம். கடனும், அதை எழுதிய 'துண்டு'ச் சீட்டும் தொழிலாளியைக் கட்டிப்போட்டன. கட்டை அறுத்து ஓடினால் வாரண்ட் பின்னால் வந்தது. நீதவானின் கையெழுத்து தொரையின் வேலையாளைத் திருப்பிப் பிடித்துக் கொடுப்பதற்கான கருவியாக இருந்தது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. இரண்டு மூன்று தலைமுறை வாரண்டுக்குப் பயந்து வாழ்ந்த இடத்தில், அதையே கேடயமாகக் கேட்டு வாங்கு என்றால் சட்டென்று வாய் வருமா?

தோட்ட எல்லையும் ஒரு சுவர்தான். பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் முதன்முதலாகத் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்க்க வேண்டியிருந்தபோது துணி வியாபாரி வேடத்தில் போனார் என்பது மலையக வரலாறு படித்த எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு பத்திரிகையாளர் லயத்துக்குப் போவது அத்துமீறல். பொலிஸ் போவது தொரைக்குத் தெரிந்த விஷயம். அண்மைக்காலம் வரை பிரதேச சபை கூடத் தோட்டத்துக்குள் பாதை போட்டுத் தர முடியாதபடி 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நின்றது. அதைத் திருத்த 2018 வரை ஆனது.

நாவலப்பிட்டியிலிருந்து உச்ச மன்றத்துக்கு

ஆனாலும் இந்த நாட்டில் தனிமனித சுதந்திரத்துக்காக நீதிமன்றம் எழுந்து நின்ற முதல் பெரிய சந்தர்ப்பம் தேயிலைத் தோட்டத்திலிருந்துதான் வந்தது. இதைச் சட்டக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை.

மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இளைஞர். 1936இல் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொரை வேலை பழக வந்தார். தொழிலாளர் வாழும் நிலையைக் கண்டு அவர்கள் பக்கம் பேசத் தொடங்கியதும் வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கூட்டம்; ஏறத்தாழ 2,000 தோட்டத் தொழிலாளர் கூடியிருந்தார்கள். அக்கட்சியின் கலாநிதி என்.எம். பெரேரா அந்த வெள்ளைக்காரரை மேடைக்கு அழைத்தார். தொரைமார் செய்யும் அநியாயத்தைத் தொரையாக வந்த ஒருவரே எடுத்துச் சொன்னார். அதைத் தோட்டச் சொந்தக்காரர்களால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 22ஆம் திகதி ஆளுநர் சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸின் நாடுகடத்தல் உத்தரவு வந்தது. 48 மணித்தியாலத்துக்குள் கப்பலேற வேண்டும். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். பொலிஸ் தேடித் திரிந்தது. மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் ஆளுநரைக் கண்டிக்கும் பிரேரணை 34க்கு 7 என்று நிறைவேறியது. அன்று மாலை காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன்னால் தேடப்பட்டவர் மேடையேறினார். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு நாளில் பிடிபட்டார், ஆட்கொணர்வு மனு போனது, எச்.வி. பெரேரா காசு வாங்காமல் வாதாடினார்.

பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான மன்றம் பார்த்தது ஒரு விஷயத்தைத்தான். ஆளுநர் கைகாட்டிய 1896ஆம் ஆண்டு உத்தரவு யுத்தம், பெருங்கலவரம் போன்ற நெருக்கடி காலத்துக்கானது. நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அப்படி என்ன நெருக்கடி? அதிகாரம் இல்லாமல் போட்ட உத்தரவு செல்லாது என்று ஆளை விடுவித்தது. பிரித்தானிய ஆட்சி நடக்கும் மண்ணில் நீதிமன்ற வழி அல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க முடியாது என்ற மக்னா கார்ட்டாவின் கோட்பாடு இலங்கைக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு சொன்னது. உங்கள் கையிலிருக்கும் காகிதம் உங்களுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறதா என்று ஆளுநரையே கேட்ட தீர்ப்பு அது. அதே கேள்வியை லயத்து வாசலில் நிற்கும் சார்ஜன்டிடமும் கேட்கலாம்.

அடுத்தது இன்னும் நெருக்கமானது. கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டத்தை 1946இல் அரசாங்கம் கிராமத்தவருக்குப் பங்கிடுவதற்காக எடுத்தது. அங்கே பிறந்து வளர்ந்த தொழிலாளரைக் காம்பராவைக் காலிசெய்யச் சொன்னது. அவர்கள் போகவில்லை. அவர்கள் மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள்; தண்டனையும் கிடைத்தது. அதில் ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது: 'செல்வநாயகம் எதிர் மன்னர்', 1950. (தந்தை செல்வாவை நினைத்துக்கொள்ளாதீர்கள், இவர் தோட்டத் தொழிலாளி.) யாரையும் தொந்தரவு செய்வதற்காக அவர் அங்கே இருக்கவில்லை, தன் வாழ்நாள் முழுதும் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதே அவர் நோக்கம், ஆகவே அது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. காம்பரா அவருக்குச் சொந்தம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் லயத்தில் குடியிருப்பவனைத் தொரையின் கொட்டிலில் ஒதுங்கியவனாக நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில். இந்தியாவில் அத்துமீறல் வழக்கு வந்தால் சட்டத்தரணிகள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மறு ஆண்டே, 1951இல், 'முத்துசாமி எதிர் கன்னங்கர' வழக்கில் நீதியரசர் கிரேஷன் தேடுதலைப் பற்றியே பேசினார். ஆணையில்லாமல் வீட்டைச் சோதனையிடவும் ஆளைக் கைது செய்யவும் துணியும் பொலிஸாரின் செயல்களை அவர்களுடைய மேலதிகாரிகள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் மேலாக நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. யாப்பில் உரிமைகள் என்று ஓர் அத்தியாயமே இல்லாத சோல்பரி காலத்தில் சொன்னது இது. இன்று அத்தியாயம் இருக்கிறது. பார்க்கும் கண்தான் குறைந்திருக்கிறது.

கெட்ட வழியில் வந்த சாட்சி

சரி, பொலிஸ் முறைகேடாகப் புகுந்து ஒரு பொருளை எடுத்துவிட்டது. வழக்கில் அந்தப் பொருள் செல்லுமா?

அமெரிக்காவில் செல்லாது. 1957இல் கிளீவ்லாந்து நகரில் டோல்ரி மேப் என்ற பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்துப் புகுந்த பொலிஸார், வாரண்ட் எங்கே என்று அவர் கேட்டபோது ஏதோ ஒரு தாளை ஆட்டிக் காட்டினார்கள். அவர் அதைப் பறித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். பிடுங்கி எடுத்தார்கள். வழக்கு நடந்தபோது அப்படி ஒரு வாரண்டை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிக் கிடைத்த சாட்சியத்தைத் தூக்கிப் போட்டது. அந்நாட்டு மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் அன்றிலிருந்து அதுதான் விதி.

நாங்கள் போனது வேறு பாதை. கென்யாவில் மாவ் மாவ் எழுச்சிக் காலம். அதுவும் வெள்ளைக்காரன் தேயிலை நட்ட மலைநாடுதான். குருமா என்பவர் சைக்கிளில் போகும்போது சாலைத் தடையில் மறிக்கப்பட்டார். குறிப்பிட்ட தரத்துக்கு மேலான அதிகாரிதான் சோதனையிடலாம் என்பது விதி. சோதனையிட்டவர்கள் அந்தத் தரத்துக்குக் கீழே. இரண்டு தோட்டா எடுத்ததாகச் சொன்னார்கள். மரண தண்டனை. 1955இல் பிரிவி கவுன்சில் சொன்னது: சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, எப்படிக் கிடைத்தது என்பதல்ல. அப்போது இலங்கைக்கும் அதுவே உச்ச மன்றம். எங்கள் நீதிமன்றங்களும் பொதுவாக அந்தத் தடத்திலேயே போகின்றன. இந்தியாவும் 1973இல் பூரன் மல் வழக்கில் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது.

ஆகவே லயத்து வாசலில் நடக்கும் தவறுக்கு வழக்கில் விலை இல்லை. விலை இருப்பது வேறு இடத்தில்: உறையில்.

போதைப்பொருள் வழக்கு விசாரணை ஒன்றை நீதிமன்றத்தின் பின்வாங்கில் உட்கார்ந்து கேட்டால் புரியும். பொலிஸ் நிலையத்தை விட்டுக் கிளம்புமுன் அதிகாரிகள் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டார்களா? யாரும் சட்டைப் பையில் எதையும் கொண்டுபோகவில்லை என்று காட்டவேண்டும் அல்லவா. பொருளை எந்தத் தராசில் நிறுத்தார்கள்? சின்ன ஊர்களில் நகைக்கடைத் தராசுதான், அல்லது அடகுக்கடைத் தராசு. சந்தேகநபர் முன்னால் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்தார்களா, அவருடைய பெருவிரல் அடையாளம் எடுத்தார்களா? சான்றுப்பொருள் பொறுப்பாளரிடம் எத்தனை மணிக்கு ஒப்படைத்தார்கள்? அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் கொண்டுபோனவர் யார்? 1998இல் 'பெரேரா எதிர் சட்டமா அதிபர்' வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், சந்தேகநபர் கையிலிருந்து பகுப்பாய்வாளர் மேசை வரை பொருள் போகும் உள்வழிப் பயணமே முக்கியம் என்று அழுத்திச் சொன்னது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் ஆள் தப்பிக்க வழியுண்டு. நல்ல சட்டத்தரணி கிடைத்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் நான்காம் திருத்தம் இப்போதைக்கு ஓர் அரக்கு முத்திரைதான் என்றால் மிகையில்லை.

சான்றுப்பொருள் பொலிஸாரின் கையில் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு 2020ஐ நினைவுபடுத்தலாம். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அதிகாரிகளே, பிடித்த பொருளை விற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் அந்த ஆண்டு கைதானார்கள்.

யுக்திய வந்த மாதம்

2023 டிசம்பர் 17ஆம் திகதி பொலிஸாரின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையான 'யுக்திய' தொடங்கியது. போதைப்பொருளை ஒழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கசிப்பால் குடும்பம் கெட்ட லயங்களையும், ஐஸ் என்ற பெயரைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை உச்சரிப்பதையும் பார்த்த தாய்மாருக்கு ஜீப் வந்தது ஆறுதலாகவே இருந்திருக்கும். அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. ஆனால் ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைதானதாகச் செய்தி வந்தது. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், தேடுதல் ஆணையின்றி வீடுகள் சோதனையிடப்படுவதையும் பொது இடத்தில் ஆடை களைந்து சோதிக்கப்படுவதையும் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது. தொலைக்காட்சிக் கமெராவோடு வீடு புகுந்த காட்சிகளை நாடே பார்த்தது. நீதவானின் கையெழுத்து வேண்டிய இடத்தில் கமெரா வெளிச்சம் விழுந்தது.

ஆணையில்லாமல் நுழைய வழிவிடும் சட்டங்கள் பல உண்டு. 1912ஆம் ஆண்டுக் கலால் கட்டளைச் சட்டமே ஒரு நல்ல உதாரணம்: வாரண்ட் வாங்கப் போனால் ஆள் தப்பிவிடுவான் என்று நம்பினால், அந்தக் காரணத்தை எழுதி வைத்துவிட்டுத் தேடலாம். காரணத்தை முதலில் எழுது என்கிறது, கவனியுங்கள். நூற்றாண்டுக்கு முன் வெள்ளைக்காரன் எழுதிய கசிப்புச் சட்டத்திலேயே அந்த ஒழுங்கு இருந்தது.

அந்த ஒழுங்கும் தளர்ந்தது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில். பொலிஸ் அத்தியட்சகர், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பரிசோதகர், ஆணையில்லாமல் எந்த இடத்திலும் நுழையலாம், தேடலாம், எந்த ஆவணத்தையும் கைப்பற்றலாம். சாதாரணச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்தது செல்லும். 'தற்காலிக ஏற்பாடுகள்' என்பது சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு என்று கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022 திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. மற்றபடி உடம்பு அப்படியே இருக்கிறது. யாப்பின் 80(3) உறுப்புரைப்படி, நிறைவேறிவிட்ட சட்டத்தை யாப்புக்கு முரண் என்று பிற்பாடு எந்த நீதிமன்றமும் தள்ளிவைக்க முடியாது.

மலையகம் இந்தச் சட்டத்துக்கு அந்நியமல்ல. மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் 1991இல் இதன் கீழ் கைதாகி ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார். 1994இல் வெளியே வந்து அவர் கொடுத்த ஒற்றை ஆசனத்தில்தான் சந்திரிகாவின் அரசாங்கம் நின்றது. தலைவருக்கு அப்படி ஒரு திருப்பம் வாய்த்தது. அந்தக் காலத்தில் கொழும்புக் கடைகளில் வேலை செய்த எத்தனையோ தோட்டத்துப் பையன்களுக்கு, அடையாள அட்டை இல்லாததே சந்தேகத்துக்குக் காரணமாகப் போதுமாக இருந்தது.

ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் அதை ஆளின் வாயிலிருந்து வரவழைப்பது இன்னொரு வகைத் தேடுதல். 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சந்தேகநபர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் தகவலின் அந்தப் பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கிறது. நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் எப்படியாவது சொல்ல வை என்ற எண்ணத்துக்கு அது ஒரு சின்னக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பதுளையிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர், நகை காணாமற்போன முறைப்பாட்டில், 2023 மே மாதம் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்தார்.

சிங்களத்தில் ஒரு பட்டியல்

இவ்வளவுக்குப் பிறகும் தோட்டத்து மனிதருக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது அந்தச் சாதாரணப் பட்டியல்தான். அதிலேயே ஒரு சிக்கல். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர். தமிழும் அரச கரும மொழி. ஆனால் பொலிஸ் நிலையத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து, அல்லது கைநாட்டு. ஒரு போன், இரண்டு சிம், 4,000 ரூபாய் என்று இருக்க வேண்டியது, "போன் ஒன்று" என்று முடிந்துவிட்டால் மீதியை யாரிடம் போய்க் கேட்பது?

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், தேடுதலையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அங்கே போதைப்பொருள் வழக்கில் உடற்சோதனைக்கு முன், நீதவானிடமோ உயர் அதிகாரியிடமோ கொண்டுபோகச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று சந்தேகநபரிடம் சொல்லியாக வேண்டும். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று நம்புவதற்கு நாங்கள் பச்சைப்பிள்ளைகள் அல்ல. ஆனால் எழுத்தில் இருந்தால் கேட்க முடியும்.

மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் சம்பளம் பேசுகிறார்கள், ஏழு பேர்ச் காணி பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அதோடு மூன்றைச் சேர்த்துக்கொள்ளட்டும்: வீடும் அந்தரங்கமும் யாப்பின் உரிமை அத்தியாயத்துக்குள் வரவேண்டும், கைப்பற்றிய பொருள் பட்டியல் குடியிருப்பவரின் மொழியில் அதே இடத்தில் கொடுக்கப்பட வேண்டும், தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் குடியிருப்பவரின் சம்மதம் ஆகாது என்று பொலிஸ் திணைக்களம் எழுத்தில் சுற்றறிக்கை விட வேண்டும். மூன்றாவதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் எழுதித் தொடங்கலாம்.

இனி வாசகருக்கு. வாசலில் பொலிஸ் வந்தால் மறிக்காதீர்கள், தள்ளாதீர்கள். கடமைக்கு இடையூறு என்று தனி வழக்கு வரும். யார், எந்த நிலையம், ஆணை இருக்கிறதா, இல்லையென்றால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டு ஆள் ஒருவர் கடைசி வரை உள்ளேயே நில்லுங்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் பொலிஸ் வேண்டும் என்று சொல்லுங்கள். எடுத்த பொருளுக்குப் பட்டியல் கேளுங்கள். புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "வாசித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் எழுதுங்கள். திகதி, நேரம், வாகன இலக்கம் மூன்றையும் அன்றிரவே ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட யாப்பின் 126ஆம் உறுப்புரை கொடுக்கும் அவகாசம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1996. ஒரு நாள் பேர் (சம்பளம்) போனாலும் பரவாயில்லை, போய் முறைப்பாட்டுக்கு இலக்கம் வாங்கி வாருங்கள்.